நாற்பத்திரண்டு ஜப்பானியர்கள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். பதினோரு மணி இருக்கும். நான் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. "என்னாங்க கீழ போட்டீங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். பதில் வரவில்லை. வேலையில் மூழ்கியிருந்தால் அவர் பதில் சொல்ல மாட்டார், அது எனக்குப் பழக்கம். கீரையை உருவி முடித்து, காம்புகளை முறத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்து போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். "சத்தம் கேட்ட உடனே" என்றேன். கீரையைப் பற்றிச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் சர்வேயர், வீடும் அங்கேதான். நான் அங்கிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் என்னை வீட்டிலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நாள் முழுக்க வெயிலில் சங்கிலியும் டேப்பும் பிடித்து அலைகிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்தால் ஜன்னலோர மேசையும் நாற்காலியும்தான் உலகம். அந்த மேசையில் அவர் பொம்மைச் சிப்பாய்கள் செய்தார்.

விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மினியேச்சர் என்பார். ஒவ்வொன்றும் கட்டைவிரலின் மேல்கணு உயரம். கை வேறு, தலை வேறு, துப்பாக்கி வேறாக பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு பெட்டியில் வரும். வெட்டி, சீவி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு படை சேர்ந்ததும், இன்னொருவர் செய்த எதிரிப் படையோடு ஒரு பெரிய மேசையில் நிறுத்தி, உண்மையில் நடந்த ஒரு போரை விதிப்படி திரும்ப நடத்துவார்கள். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை டேப் வைத்து அளப்பார்கள். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சென்னையில் இப்படி ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் இவர்.

ஏன் ஜப்பான், அமெரிக்கா, பசிபிக் கடல் என்று நான் ஒருமுறை கேட்டேன். "புள்ளலூர்ல நானே அளந்திருக்கேன் டீச்சர்" என்றார். "பல்லவனும் சாளுக்கியனும் அடிச்சிக்கின எடம்னு சொல்றாங்க. போய்ப் பாத்தா நெல்லு. எவன் எங்க நின்னான், எவன் எந்தப் பக்கம் ஓடினான், ஒருத்தனுக்கும் தெரியாது. இந்தச் சண்டையில ஒவ்வொரு பதுங்குகுழிக்கும் மேப் கீது. எத்தினி அடி ஆழம்னு கூட எழுதி வச்சிருக்கான்." ஜப்பான் பக்கத்தை ஏன் எடுத்தார் என்பதற்கும் காரணம் வைத்திருந்தார். எல்லாரும் ஜெயித்தவன் பக்கத்தையே செய்கிறார்கள், எதிரில் நிற்க ஆள் வேண்டாமா என்பார்.

எதிரில் அமெரிக்கப் படையைச் செய்தவர் சென்னையில் ஒரு வங்கி அதிகாரி. இவரைவிடப் பத்து வயது சின்னவர். இவரை அண்ணா என்பார், என்னை அண்ணி என்பார். பொங்கல் விடுமுறையில் ஒரு பெரிய ஆட்டம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஒரு சின்னத் தீவு. அமெரிக்கர்கள் படகில் வந்து இறங்க வேண்டும், ஜப்பானியர்கள் விடாமல் காக்க வேண்டும். அதற்காக நாற்பத்திரண்டு ஜப்பானியச் சிப்பாய்களை ஒட்டி முடித்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறம் அடித்து வைத்திருந்தார். பக்கவாதம் வந்தது ஆவணி மாதம். அந்த நாற்பத்திரண்டு பேரும் அப்படியே சாம்பல் நிறத்தில் மேசைமேல் நின்றார்கள்.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "சரி". தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, முதுகு வலித்தாலும் சரி. மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். நாம் பேசுவது புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்றும் சொன்னார்.

பார்க்க வந்தவர்கள் ஆர்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்தார்கள். அவரிடம் "எப்படி கீறீங்க சார்?" என்று கேட்பார்கள். "சரி" என்பார். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. என்னிடம், "நீதாம்மா தைரியமா இருக்கணும்" என்றார்கள். நான் தைரியமாக இல்லை. அழவும் இல்லை. உடம்புக்குள்ளே எதுவும் நகரவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்து, அவருக்குப் பல் தேய்த்துவிட்டு, மாத்திரை பொடித்துக் கொடுத்து, டயாப்பர் மாற்றி, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். வகுப்பில் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பினேன். ஒருநாள் தலைமையாசிரியை என் ஜாக்கெட்டைக் காட்டி, "உள்பக்கம் வெளிய போட்டிருக்கீங்க" என்றார். கழிவறைக்குப் போய்ச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள், என்னைவிட நாலைந்து வயது குறைவு. நடவு, களை எடுப்பு என்று தினக்கூலிக்குப் போகிறவள். அவர்கள் குடியிருப்பில் மனைப் பட்டா கொடுத்தபோது நிலத்தை அளந்தவர் என் கணவர். "சாரு எங்க வூட்டுக்கு ஒரு அடி கூடத்தான் வச்சி கல்லு நட்டாரு, கொறைக்கல" என்று சொல்லிக்கொண்டே முதல் நாள் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். அவரைக் குளிப்பாட்டுவதில் அவளுக்குக் கூச்சம் இல்லை, அவருக்குத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் அதுவும் போனது.

புரட்டாசி கடைசியில் சென்னை நண்பர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே வைத்தேன். "அண்ணா, ஆட்டத்தப் பத்தி யோசிக்காதீங்க. கேன்சல் பண்ணிடலாம். உங்க உடம்புதான் முக்கியம்" என்றார் நண்பர்.

"சரி" என்றார் இவர். பிறகு இன்னொரு முறை, "சரி." பிறகு இடது கையால் கட்டிலின் கம்பியை அடித்துக்கொண்டே, "சரி, சரி, சரி." முகம் சிவந்துவிட்டது. எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுமோ என்று தோன்றியது. போனை அணைத்தேன். அவர் மேசையையே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மேசை. அரை மணி நேரம் போல இப்படியே போனது. கடைசியில் நான், "கேன்சல் பண்ண வேணாமா?" என்று கேட்டேன். கை நின்றது.

"யாரு பெயின்ட் அடிக்கிறது?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓவியம் வரைகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சார்ட் எழுதுவேன், மாங்காய் படம் போடுவேன். ஆனால் முடியாது என்று சொல்வதற்கு ஒரு மனம் வேண்டும், அது அப்போது என்னிடம் இல்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சக்கர நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் தள்ளி அவரை உட்கார வைத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்தேன்.

அவர் பழைய அளவைக் குறிப்பேடு ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். வயல் எண் எழுதுகிற அதே குட்டிக் குட்டி எழுத்து. சட்டைக்குக் காக்கி மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு, சாம்பல் ஒரு துளி. காலில் சுற்றிய துணிப்பட்டைக்கு அதே கலவையில் வெள்ளை கொஞ்சம். தோல் பெல்ட்டுக்குப் பழுப்பு. கடைசியில் வாஷ் என்று ஒன்று: தண்ணீர் மாதிரியான பழுப்புத் திரவம், மேலே தடவினால் மடிப்புகளில் போய்த் தங்கி, தானாகவே நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

முதல் சிப்பாயை முடிக்க இரண்டு நாள் ஆனது. அவர் முன்னால் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்று மேசையில் குப்புறப் படுக்க வைத்தார். பெயின்ட் தடிமனாகி முகம் மெழுகு மாதிரி ஆகியிருந்தது. ஏட்டில் பார்த்தேன். தப்பானதை டெட்டாலில் ஊற வைத்தால் பெயின்ட் கழன்றுவிடும் என்று எழுதியிருந்தார். ஒரு டம்ளரில் டெட்டாலை ஊற்றிப் போட்டு வைத்தேன். மறுநாள் எடுத்துக் குழாயில் கழுவினேன். பெயின்ட் சுத்தமாகப் போவதற்குப் பதில் பிசின் மாதிரி இளகி, சிப்பாய் முழுக்க ஒட்டிக்கொண்டது. அடுத்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன்: டெட்டாலிலேயே தேய்க்க வேண்டும், தண்ணீர் படக்கூடாது. அவர் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினார். சிரிப்பா, வேறா, தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே டெட்டால் வாசனைதான். இதுவும் அதோடு சேர்ந்துகொண்டது.

அதன்பிறகு ஒவ்வொருவராக முடிக்காமல், ஏட்டில் இருந்தபடி மொத்தமாக வேலை செய்தேன். ஒரு சாயங்காலம் நாற்பத்திரண்டு பேருக்கும் கால்சட்டை. இன்னொரு சாயங்காலம் நாற்பத்திரண்டு பெல்ட். ஒரு வாரம் முழுக்கத் துப்பாக்கிக் கட்டை. ஐந்திலிருந்து ஆறரை வரை, விளக்கு வைக்கும் நேரம் வரை. நடுவில் அவருக்கு டீயை ஸ்பூனில் கொடுப்பேன். பெயின்ட் அடித்தது மனதுக்கு ஆறுதலாக இருந்ததா என்று பிறகு சென்னை நண்பர் கேட்டார். ஆறுதல் என்று சொல்ல முடியாது. பதினேழாவது பெல்ட்டுக்குப் பிறகு பதினெட்டாவது பெல்ட். அதில் யோசிக்க எதுவும் இல்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

அவர் சொன்ன "சரி"களில் எனக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. குரல் இறங்கினால் ஆமாம். இழுத்தால் இன்னும் கொஞ்சம். அடித்துச் சொன்னால் இல்லை. எல்லா நேரமும் சரியாகப் பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசி மழையில் நடவு வேலை இல்லாத ஒருநாள், பகல் பெண் சாயங்காலமும் இருந்தாள். அன்று நான் தீவைச் செய்துகொண்டிருந்தேன். செய்யாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, பலகையில் பசை தடவித் தூவினேன். காய்ந்த துளசிக் கதிர்களை நட்டால் புதர்க்காடு. அவர் நோயில் விழுவதற்கு முன்பே துடைப்பக்குச்சியில் நாலு குடிசை கட்டி வைத்திருந்தார். அவற்றையும் எடுத்து வைத்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவங்கல்லாம் யாரு டீச்சரம்மா?"

"ஜப்பான்காரங்க. இந்தத் தீவக் காவல் காக்கறாங்க. அமெரிக்காக்காரங்க கடல்வழியா வந்து புடிப்பாங்க."

"தீவு யாரோடது?"

"ரெண்டு பேரோடதும் இல்ல."

அவள் குனிந்து குடிசைகளைப் பார்த்தாள். "வூடு கீது. ஆளு யாரையும் காணமே."

"பெட்டியில அவங்க வரல."

"வரலன்னா? எங்க போயிக்கினாங்க?"

அவள் அவருடைய துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஏரி உள்வாய்லர்ந்து, தண்ணி நிக்கற எடம்னு, எங்களக் கெளப்பி வுட்டாங்களாம், எங்க அப்பாரு சின்னப் புள்ளையா இருக்கசொல்ல. சோறு வெந்துக்கினு இருந்துச்சாம். பானைய அடுப்போட வுட்டுட்டு வந்தாங்களாம். இவங்களும் அப்பிடித்தான் போயிருப்பாங்க." குறையாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, குடை இல்லாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சக்கர நாற்காலியிலிருந்து அந்தக் குடிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் ஊர் ஊராக நிலம் அளந்தவர். என்ன நினைத்தார் என்று கேட்க வழியில்லை. மறுநாள் நான் ஒரு குடிசை முன்னால் மூன்று மணல்பருக்கை வைத்து, அதன்மேல் அறுந்துபோன மாலையின் கறுப்புமணி ஒன்றை ஒட்டினேன். அடுப்பும் பானையும். ஏட்டில் இல்லாமல், யாரும் சொல்லாமல் நான் செய்தது அது ஒன்றுதான். அவர் பார்த்தார். இறங்கிய குரலில் "சரி" என்றார்.

கார்த்திகையில் ஒரு கெட்ட நாள் வந்தது. முப்பது பேருக்கு மேல் வாஷ் வரை முடிந்திருந்தார்கள். வாளை உயர்த்தி நிற்கிற ஒரு அதிகாரி மட்டும் முகம் இல்லாமல் இருந்தார். அந்த முகத்தைத் தானே செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என் கையிலிருந்து பிரஷ்ஷை இடது கையால் பிடுங்கினார். கொடுத்தேன். அவர் வலதுகைக்காரர். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு, கன்னம்வரை இழுத்துவிட்டது. துடைக்கப் போனார், மூக்கும் போனது. மறுபடி முயன்றார். பிறகு திடீரென்று கையால் மேசையை வழித்துத் தள்ளினார். ட்ரே கவிழ்ந்தது. முடித்து வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் தரையில் விழுந்து, துப்பாக்கி முனைகளும் வாள்களும் உடைந்து கட்டிலுக்கு அடியில் ஓடின.

நான் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதச் சாயங்காலங்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பொறுக்கிக்கொண்டே, வகுப்பில் வருகைப்பதிவு வாசிக்கிற குரலில் சொன்னேன்: "இதுக்கு மேல என்னால முடியாது. அன்னிக்கே நீங்க போயிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லாருந்திருக்கும்."

அவர் தரையில் கிடந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

குரல் இறங்கித்தான் இருந்தது.

சொன்னதைத் திரும்ப எடுத்திருக்கலாம். அந்த நொடியில் ஏதாவது சொல்லியிருக்கலாம். உடைந்தவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். கை கழுவிவிட்டு அரிசி களைந்தேன். மூன்று நாள் மேசைப்பக்கம் யாரும் போகவில்லை. சோறு ஊட்டினேன், மாத்திரை கொடுத்தேன், நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் உடைந்த சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் உடைந்த துண்டு. எந்தத் துப்பாக்கி முனை யாருடையது என்று உடைந்த இடத்தைப் பொருத்திப் பார்த்துத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். அரிசிக் குருணை அளவுகூட இல்லாத துண்டுகள்.

"காலைலர்ந்து இதே வேலதான்" என்றாள் அந்தப் பெண். "கஞ்சி கூடத் தொடல. தரையில தேடித் தேடி எட்தாறச் சொல்லி என் உயிர எடுத்துட்டாரு. ஒரே பேஜாரு."

அவள் போன பிறகு நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது" என்று தொடங்கினேன். அவர் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். போதும் என்பதா, விடு என்பதா. நான் நிறுத்திக்கொண்டேன். பசையை எடுத்தேன். சிப்பாய்களைப் பிடித்துக்கொள்ள வசதியாக ஒவ்வொருவரையும் ஒரு பாட்டில் மூடிமேல் ஒட்டி வைப்பது வழக்கம். அவர் முதல் மூடியை இடது கையில் எடுத்து, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, ஆடாமல் பிடித்தார். நான் துண்டை ஒட்டினேன். ஒட்டு காயும்வரை அவர் பிடித்திருந்தார். அன்று முதல் அவர் பிடிப்பார், நான் பெயின்ட் அடிப்பேன். அவர் பிடிக்கும்போது வேலை வேகமாக ஆனது. அதிகாரிக்கு முகத்தை நான்தான் செய்தேன். மார்கழி பிறக்கும்போது நாற்பத்திரண்டு பேரும் தயார்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் சென்னை நண்பர் காரில் வந்தார். கூட அவர்கள் குழுவிலிருந்து இன்னொருவர். கூடத்தில் இருந்த இரண்டு கட்டில்களைச் சேர்த்து, மேலே பிளைவுட் பலகை போட்டு, ஒரு பாதியை நீலமாகக் கடல் செய்தார்கள். மறுபாதி எங்கள் தீவு. நண்பர் தன் படகுகளையும் அறுபது அமெரிக்கர்களையும் எடுத்து வைத்தார். பிறகு எங்கள் ஜப்பானியர்களைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"யாருண்ணி பெயின்ட் பண்ணது?"

"ரெண்டு பேரும்" என்றேன்.

இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அவர் துடைப்பக்குச்சியால் யார் எங்கே போக வேண்டும் என்று காட்டுவார். நான் நகர்த்துவேன், அளப்பேன், பகடை உருட்டுவேன். விதிகள் எனக்குப் பாதிதான் தெரியும். நண்பரோடு வந்தவர் சொல்லிக் கொடுத்தார். ஜப்பான் பக்கத்துக்கு என்று தனி விதி ஒன்று இருந்தது. மற்ற படைகள் பலமாக அடிபட்டால் பயந்து பின்வாங்கும், அதையும் பகடை போட்டுப் பார்ப்பார்கள். ஜப்பானியருக்கு அந்தச் சோதனை கிடையாது. கடைசி ஆள் வரைக்கும் நிற்பார்கள். அடிபட்டவர்களை எடுத்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மணிக்குத் தாம்பாளத்தில் பதினைந்து பேர். அந்தப் பெண்ணும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மாளுங்கதான் ரொம்ப பூட்டாங்க" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் மாறிவிட்டார். அவருக்கு மனது கேட்கவில்லை போல. முன்னேற வேண்டிய இடத்தில் நின்றார். சுட வேண்டிய நேரத்தில் வேறெங்கோ பார்த்தார். கிழக்கு மூலையில் ஒரு பதுங்குகுழியில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மிச்சம். அவர்களைப் பார்த்துப் பகடை உருட்டினார். ஐந்து விழுந்தது. எனக்கே தெரியும், நாலுக்கு மேல் விழுந்தால் குழிக்கே அடி, உள்ளே இருக்கிற இரண்டு பேரும் போவார்கள். நண்பர் சட்டென்று பகடையைக் கையில் அள்ளிக்கொண்டு, "படலண்ணா. மிஸ்ஸு" என்றார்.

"வேணாம்."

முதலில் யார் பேசியது என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் தெளிவாக வந்திருந்தது. நாலரை மாதத்தில் அவர் சொன்ன இரண்டாவது வார்த்தை. அவர் நண்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி அந்தப் பதுங்குகுழியைக் காட்டிக்கொண்டிருந்தது.

நண்பர் கையைத் திறந்து பகடையைப் பலகையில் வைத்தார். ஐந்து மேலே இருக்கும்படி வைத்தார். "தப்புதாண்ணா" என்றார். நான் அந்த இரண்டு பேரையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு நண்பர் முழுசாக விளையாடினார். மூன்றரை மணிக்குத் தீவில் ஜப்பானியர் யாரும் இல்லை. தோற்றுவிட்டோம். என் கணவர் இடது கையை நீட்டினார், நண்பர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பேசியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் அழுதாள். கூட வந்தவர் போனில் வீடியோ எடுத்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிப்பாய்களைத் துடைத்து, டப்பாவில் பஞ்சு விரித்து, ஒவ்வொருவராக அடுக்கினேன். முதுகு வலித்தது. அது நன்றாக நினைவிருக்கிறது.

நண்பர் காரில் ஏறும்முன் என்னிடம், "அண்ணி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். ஆவணியிலிருந்து அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இருக்கேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் அந்த வார்த்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், அப்படித்தான் வந்து வந்து போகும், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். மாசியில் மறுபடி வந்தது. மருந்து கொடுக்கும்போது ஒருநாள், கஞ்சி கொடுக்கும்போது ஒருநாள். இப்போது ஏழெட்டு வார்த்தைகள் இருக்கின்றன. வலது கால் கொஞ்சம் ஊன்றுகிறார். கை வரவில்லை, வராது என்கிறார்கள். நண்பர் புதுப் பெட்டி ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ஆஸ்திரேலியப் படை, நியூகினிக் காட்டில் சண்டையிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டி ஒட்டுகிறோம்.

அந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஏழே முக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். "டீச்சர், எறங்கலியா? கடைசி ஸ்டாப்பு." பஸ் காலியாக இருந்தது. வெளியே பார்த்தால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. நான் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். "நல்லா தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல" என்றார் அவர்.

இறங்கித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். ஒருமணி நேரம் தாமதமாகும் என்றேன்.

"ஏன், சாருக்கு ஏதாவதா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

"சரி, மெதுவா வாங்க. பசங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். திரும்பிப் போகிற பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி பாதி வழியில் ஐயங்கார்குளம் தாண்டும்வரைதான் விழித்திருந்தேன்.